ஈரடுக்கில் எப்போதும் காலை பத்து மணி

வேலைக்குச் சேர்ந்த பதினோராம் நாள், புது இயக்குநர் ஈரடுக்கின் கீழ்ப்பாதியை வெட்டிவிடலாம் என்றார். சட்டைக் கையில் இரண்டு விரற்கடை குறைக்கச் சொல்கிறவரின் தொனியில்தான் சொன்னார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். பதினான்காவது ஆள் பேனா மூடியைக்கூடக் கழற்றவில்லை. அந்த அலுவலகத்தில் அவளுக்கு நகரத்துக்காரி என்று பெயர்.

ஈரடுக்கு என்பது வீடியோ கேமில் வரும் நகரம். கதை இருநூறு வருடம் கழித்து நடக்கிறது. பூமியிலிருந்து எண்பது அடி உயரத்தில் ஒரு தளம் போட்டு, அதன்மேல் கோபுரம் கோபுரமாகக் கட்டி, வசதியுள்ளவர்கள் மேலே குடியேறிவிட்டார்கள். மிச்சப் பேர் தளத்துக்குக் கீழே. மூன்று கேம் வெளிவந்து நான்காவது தயாராகிக்கொண்டிருந்தது. மூன்றிலும் அந்த நகரத்தைக் கட்டியவள் இவள்தான். கதாநாயகன் மாறினான், வில்லன் மாறினான், கம்பெனி முதலாளியே இரண்டு முறை மாறினார். இவள் மட்டும் ஜன்னலோர மேசையைவிட்டு நகரவில்லை.

முதல் கேமில் நகரம் பழுப்பு. அன்றைய மெஷினுக்கு நூறு அடிக்கு அப்பால் எதையும் வரைந்து காட்ட வலு கிடையாது. அதனால் நூறாவது அடியில் ஒரு புகையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆடியவர்கள் அதை மெஷினின் இயலாமை என்று நினைக்கவில்லை. எதிர்காலத்தில் காற்று இப்படித்தான் நாசமாகியிருக்கும், என்ன ஒரு தீர்க்கதரிசனம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். இவள் வாயையே திறக்கவில்லை. தானாக வீடு தேடி வந்த புகழை யார்தான் திருப்பி அனுப்புவார்கள்?

இரண்டாவது கேமுக்கு வந்த இயக்குநருக்கு மழைப் பைத்தியம். ஈரத் தரையில் விளக்கு பளபளப்பதைக் காட்ட மெஷின்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தன. நகரம் முழுக்க நீல விளக்கு, கண்ணாடிச் சுவர், ஓயாத மழை. ஒரு வீட்டிலாவது துணி காய்ந்திருக்குமா என்று அவர் யோசித்ததே இல்லை. மூன்றாவதுக்கு வந்தவருக்கு மூலை என்றாலே ஆகாது. கட்டடம் எல்லாம் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி வளைந்து வழுக்கின, மாடிக்கு மாடி தோட்டம் தொங்கியது. ஒவ்வொருவரும் வந்த முதல் வாரத்திலேயே, முன்னால் இருந்தவர் நகரத்தைப் பாழாக்கிவிட்டதாகச் சொல்வார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஆனால் இத்தனை பேர் வந்து போயும் கீழடுக்கின் தெருக்களை ஒருவரும் தொட்டதில்லை. சுவரின் நிறம் மாறும், விளக்கு மாறும். சந்தும் படியும் கதவும் அவள் முதன்முதலில் வைத்த இடத்திலேயே இருக்கும். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கதவுகள். அத்தனையும் திறக்கும்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. தெருவில் சும்மா போய்வந்துகொண்டிருக்கும் ஆட்களை அந்த அலுவலகத்தில் நடமாடிகள் என்பார்கள். மற்ற கேம்களில் நடமாடி ஒருவன் தெருமுனை திரும்பியதும் ஆவியாகிவிடுவான். ஆடுகிறவர் ஓடிப்போய்ப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டான். ஈரடுக்கில் அந்தப் பேச்சே கிடையாது. ஒவ்வொரு நடமாடிக்கும் போக ஒரு வேலையிடம், திரும்ப ஒரு வீட்டுக் கதவு. காலையில் கதவைத் திறந்துகொண்டு வருவார்கள், படியேறி மேலடுக்குக்கு வேலைக்குப் போவார்கள், சாயங்காலம் இறங்கி அதே கதவுக்குள் போவார்கள். வழியை யாராவது மறித்தால், தன் வீட்டுக்கு மிக அருகில் எங்கே போய் நிற்க முடியுமோ அங்கே போய் நிற்பார்கள். அது அவள் எழுதிய விதி.

அவர்களில் ஒருத்தியை ஆடுகிறவர்கள் மூட்டைக்காரி என்று செல்லமாக அழைத்தார்கள். வலது இடுப்பில் துணிமூட்டை, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த நடை, ஒன்பது அடிக்கு ஒருமுறை மூட்டையை எம்பித் தூக்கிச் சரிசெய்துகொள்வாள். அது நகரத்துக்காரியுடைய அக்காவின் நடை. அக்கா ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். பழுப்பிலும் நீலத்திலும் வளைவிலும் அந்த நடை மாறியதில்லை.

"கீழ யாரு போறாங்க?" என்று இயக்குநர் தொடர்ந்தார். "பார்த்துட்டேன். ஆடுறவங்க பத்து நிமிஷம் ஆடினா கீழ ஒரு நிமிஷம் இருந்தா அதிகம். ஆனா மெஷினுக்கு மூச்சு வாங்குறது அங்கதான். அதை வெட்டிட்டா மேல இன்னும் நல்லா வெளிச்சம் போடலாம்."

வெளிச்சம் என்ற சொல் இல்லாமல் அவருக்கு வாக்கியம் முடியாது. சேர்ந்த மூன்றாம் நாளே அலுவலகம் அவருக்கு வெளிச்சம் என்று பெயர் வைத்துவிட்டது.

"அங்க ஜனங்க இருக்காங்க சார்" என்றாள் நகரத்துக்காரி.

நாலைந்து பேர் சிரித்தார்கள். "அவங்க கேம்ல வர்றவங்க மேடம்" என்றார் வெளிச்சம், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"நான் வேற யாரைச் சொன்னேன்னு நினைச்சீங்க? நாம பேசிட்டு இருக்கறதும் கேமைப் பத்தித்தானே?"

சிரிப்பு நின்றது. வெளிச்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிக் குடுத்துடுங்க."

"நீங்க வெட்டிக்குங்க சார். என் கையால நடக்காது."

"அது உங்க வேலை இல்லையா?"

"கட்டுறதுதான் என் வேலை."

"இதை நான் எழுதி வெச்சுக்க வேண்டியிருக்கும்."

"தாராளமா. தேதியும் போட்டுக்குங்க."

வெளியே வந்து, மூடி கழற்றாத பேனாவைத் தன் மேசைமேல் வீசினாள். பயமில்லை, ஆத்திரம். இந்த வயதில் இந்த வேலை போனால் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தேதான் வாயைக் கொடுத்தாள்.

வெளிச்சம் தானே உட்கார்ந்து வெட்டினார். நகரத்தின் பட்டியலில் கீழடுக்கு என்று இருந்த பெட்டியைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினார், அவ்வளவுதான் வேலை. நடமாடிகளை மட்டும் அவர் தொடவில்லை. பட்டியலில் அவர்கள் வேலையிடத்தின் பெயரில்தான் இருந்தார்கள்: மேலடுக்குத் துப்புரவு, மேலடுக்குத் தோட்டம், மேலடுக்குச் சமையல். எல்லோரும் மேலடுக்கு ஆட்கள் என்று நினைத்துவிட்டார். அவர்கள் இருந்ததால்தான் கோபுரத் தெருக்களும் ஜேஜே என்று இருந்தன.

இன்னொன்றும் செய்தார். கேமுக்குள் ஒரு நாள் என்பது நம் இருபத்துநான்கு நிமிடம். கடிகாரத்தை ஓடவிட்டால் வெயில் சாய்ந்து நிறம் மாறுகிறது என்று, எல்லா மெஷினிலும் கடிகாரத்தைக் காலை பத்து மணியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். பத்து மணிக்குக் கோபுரத்தின்மேல் வெயில் விழும் அழகைச் சொல்லி மாளாது என்பது அவர் கட்சி. ஏழு நாளாக ஈரடுக்கில் பத்து மணி தாண்டவில்லை. நாற்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கும் சாயங்காலத்தின் ஞாபகம் வரவில்லை.

ஒருவருக்கு வந்தது. அவர் தொழில் கேமை ஆடி ஆடிக் குறை கண்டுபிடிப்பது. சொட்டைத் தலையும் கிண்டல் வாயுமாக முதல் கேமிலிருந்து அங்கே இருப்பவர், பெயரே நொட்டை. மதியச் சாப்பாடு முடிந்த கையோடு நகரத்துக்காரியின் மேசைக்கு வந்தார்.

"தாயே, கொஞ்சம் வந்து பாரு. நான் சொன்னா கட்டுக்கதைன்னுவ."

அவருடைய மெஷினில் கடிகாரத்தை ஓடவிட்டிருந்தார். சாயங்காலம் ஆறரை. மேலடுக்கின் தெருக்களில் ஈ காக்கை இல்லை. ஆனால் தளத்தின் விளிம்பில், இடுப்புயரக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஆயிரத்து நூற்று முப்பத்தாறு பேர் வரிசை வரிசையாக நின்றிருந்தார்கள். படி இருந்த இடத்தில் படி இல்லை. அவரவர் வீடு எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையில் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே வெறும் சாம்பல் நிறம், வேறு ஒன்றுமில்லை.

"விடியற வரைக்கும் இப்படியே நிக்கறாங்க" என்றார் நொட்டை. கிண்டல் வரவில்லை. "விடிஞ்சதும் திரும்பி வேலைக்குப் போறாங்க."

மூட்டைக்காரி மூன்றாவது வரிசையில் இருந்தாள். நின்ற இடத்திலேயே மூட்டையை எம்பித் தூக்கிச் சரிசெய்தாள். நகரத்துக்காரி திரைக்கு அருகில் குனிந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நொட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேராக வெளிச்சத்தின் அறைக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னாள், காட்டினாள். மனிதர் அசரவில்லை.

"இது சின்ன விஷயம். அந்தச் சுவரோரமா நாலு கதவு வரைஞ்சுடுங்க. சாயங்காலம் கதவுகிட்டப் போனதும் மறைஞ்சுடட்டும், காலையில திரும்ப வரவெச்சுக்கலாம்."

"திறக்காத கதவா?"

"யாரு திறந்து பார்க்கப்போறா?"

"இந்த நகரத்துல யாரும் மறையறது கிடையாது சார். வீட்டுக்குப் போவாங்க. என் நகரத்துல இருபது வருஷமா அதான் வழக்கம்."

"உங்க நகரமா?"

"பின்ன யாரோடது? நீங்க வந்து பதினெட்டு நாள் ஆகுது."

வெளிச்சத்தின் முகம் இருண்டது. "திங்கக்கிழமை வெளியீட்டுக் கம்பெனியிலேர்ந்து வர்றாங்க. அன்னிக்குக் கடிகாரம் பத்து மணியிலயே நிக்கும். அதுக்கப்புறம் நீங்க இங்க இருக்கறதைப் பத்திப் பேசுவோம்."

"பேசுவோம்" என்றாள் அவளும்.

திங்கட்கிழமை வந்தது ஒரே ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். இப்படிப்பட்டவர்கள் நாற்காலியில் சாய்ந்து படம் பார்ப்பார்கள் என்று வெளிச்சம் நினைத்திருந்தார். அந்த அம்மாளோ கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோபுரத்துக்குக் கோபுரம் தாவ ஆரம்பித்துவிட்டார். கட்டைவிரல்கள் பேயாட்டம் ஆடின. வெளிச்சம் பக்கத்தில் நின்று வெயிலை வருணித்துக்கொண்டிருந்தார். அம்மாள் அழகுதான் என்றார், நல்லா இருக்கு என்றார், அரைமணி நேரம் கழித்துக் கன்ட்ரோலரை மடியில் வைத்தார்.

"சாயங்காலம் எப்ப வரும்? போன கேம்ல சாயங்காலத்துக்காகவே நான் ரெண்டு தடவை ஆடினேன்."

"சாயங்காலம் இன்னும் தயாராகலைங்க" என்றார் வெளிச்சம்.

நொட்டை மேசைக்கடியில் நகரத்துக்காரியின் காலை மிதித்தார். பேசாதே என்றா, பேசு என்றா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். அவள் எழுந்து நின்றாள்.

"தயாரா இருக்கும்மா. கடிகாரத்தை நிறுத்தி வெச்சிருக்கோம்."

"மேடம், உட்காருங்க" என்றார் வெளிச்சம்.

"உட்கார மாட்டேன் சார். கடிகாரத்தை ஓடவிடுங்க."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓடட்டுமே" என்றார் சாதாரணமாக. நொட்டை எட்டிக் கைநீட்டி ஒரு விசையைத் தட்டினார்.

வெயில் சாய்ந்தது. எட்டு நிமிடத்தில் மணி ஆறானது. கோபுரங்கள் சிவந்து மங்கின, பெருக்குகிறவர்கள் துடைப்பத்தைச் சாத்தினார்கள், தோட்டக்காரர்கள் கத்தரிக்கோலை மடக்கினார்கள், எல்லோரும் ஒரே பக்கமாக நடந்தார்கள். கன்ட்ரோலரை மடியிலிருந்து எடுத்து, அம்மாளும் அவர்கள் பின்னாலேயே போனார். கூட்டம் சுவரை அடைந்து நின்றது. அவரும் கூட்டத்துக்குள் புகுந்து, சுவரோரம் போய், குனிந்து பார்த்தார்.

"இவங்க எதைப் பார்க்கறாங்க?"

"அது ஒரு மர்மம்ங்க" என்றார் வெளிச்சம். ஆளுக்குச் சமாளிக்கத் தெரிந்திருந்தது. "எதிர்கால மனுஷனோட ஏக்கத்தைக் காட்டுறோம்."

"மர்மமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல" என்றாள் நகரத்துக்காரி. குரல் ஓங்கிவிட்டது, அவள் இறக்கவில்லை. "அவங்க வீடு இருந்த இடத்தைப் பார்க்கறாங்க. மேல வெளிச்சம் பத்தலைன்னு இவர் கீழ்ப்பாதியை வெட்டிட்டார். வேலை செய்ய மட்டும் ஆள் வேணும்னு அவங்களை விட்டு வெச்சிருக்கார். வரைஞ்ச கதவுல மறைச்சுடச் சொன்னார், நான் மாட்டேன்னுட்டேன். இனிமேலும் மாட்டேன். என்னை அனுப்பறதுன்னா இப்பவே அனுப்பிடுங்க. ஆனா இந்தக் கேம்ல நான் திறக்காத கதவு ஒண்ணுகூட வைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத்தான் மூச்சுவிட்டாள். வெளிச்சம் எதையோ சொல்ல வாயெடுத்தார். அம்மாள் கையை உயர்த்தினார்.

"வெட்டினதைத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு விசை" என்றார் நொட்டை. காத்திருந்தவர்போல அதைத் தட்டினார்.

காலடியில் தெருக்கள் விழித்துக்கொண்டன. முதலில் படி வந்தது, பிறகு சந்து, பிறகு ஜன்னல் ஜன்னலாக விளக்கு. சுவரோரம் நின்ற கூட்டம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு முன்வரிசை நகர்ந்தது. ஆயிரத்து நூற்று முப்பத்தாறு பேரும் படியிறங்கி வீட்டுக்குப் போனார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கதவுகள் திறந்து திறந்து மூடின. அறையிலிருந்த பதினான்கு பேரும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு கடைசிக் கதவு மூடும்வரை பார்த்தார்கள். மெஷினுக்கு மூச்சு வாங்கத்தான் செய்தது. படம் அங்கங்கே திக்கியது, யாரும் முகம் சுளிக்கவில்லை.

"ரெண்டும் சேர்ந்து இந்த மெஷின் தாங்காதுங்க" என்றார் வெளிச்சம். அதிலும் நியாயம் இருந்தது.

"அப்போ மேல ரெண்டு கோபுரத்தைக் குறைச்சுக்குங்க" என்றார் அம்மாள், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. "இத்தனை கோபுரத்துல எது எதுன்னே எனக்குத் தெரியல."

வெளிச்சம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் மேசைக்கு வந்து, கீழடுக்கின் ஜன்னல் விளக்குகளைப் பற்றிக் கேட்டார், மஞ்சளைக் கொஞ்சம் கூட்டலாமா என்றார். கூட்டலாம் என்றாள். மனிதர் கெட்டவர் இல்லை. பத்து மணியைத் தாண்டிப் பார்க்காதவர், அவ்வளவுதான்.

அந்த வாரமே அக்கா வந்தாள். காலை ஷிஃப்ட் முடித்து, சீருடையோடு, சோப்பு வாசனையோடு மூன்று மணிக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அந்த அலுவலகத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. தங்கை சண்டை போட்டு மீட்ட தெருவைப் பார்த்தே தீருவேன் என்று கிளம்பி வந்திருந்தாள்.

"எங்கடி நான்?"

நகரத்துக்காரி காட்டினாள். கேமுக்குள் விடிகிற நேரம். மூட்டைக்காரி கதவைத் திறந்துகொண்டு வந்து, சந்தில் நடந்து, படியேறத் தொடங்கினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, பின்னாலேர்ந்து பார்த்தா நான் இவ்வளவு அகலமா?" சிரித்துக்கொண்டே பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு குறைந்தது.

"இது மொத்தம் எத்தனை படி?"

"நூத்தி எண்பத்தி நாலு."

"மூணு கேம்லயும் இதேதானா?"

"ஆமாக்கா. அதை யாரும் தொட விட்டதில்ல" என்றாள் பெருமையாக.

"பக்கத்துல அது என்ன, மேலயும் கீழயும் போயிட்டு வருது?"

"லிஃப்ட்."

"நான் ஏன் அதுல போகல?"

"அது மேலடுக்கு ஆளுங்களுக்கு. கதைப்படி கீழடுக்கு ஆளுங்க அதுல ஏறக் கூடாது."

"யாரு சொன்னது? உங்க வெளிச்சமா?"

நகரத்துக்காரிக்கு அது ஞாபகமில்லை. லிஃப்ட் கதவின் விதியைத் திறந்தாள். கீழடுக்கு: அனுமதி இல்லை என்று ஒரு வரி இருந்தது. யார் எழுதினார்கள் என்பதற்கு ஓரத்தில் அவள் பெயரின் இரண்டு எழுத்து இருந்தது. முதல் கேம், அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம். யாரும் எழுதச் சொல்லவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று தானாகவே நினைத்து எழுதியிருக்கிறாள். அவளுக்குக் காது வரை சுட்டது.

"நான்தான்கா" என்றாள்.

"அடிப்பாவி! இருபது வருஷமா மூட்டையும் கையுமா ஏத்திவிட்டிருக்கியே! எனக்கு முட்டி வலி எங்கேர்ந்து வந்துதுன்னு இப்பத்தானே தெரியுது."

நகரத்துக்காரி அந்த வரியை அழித்தாள். யாரையும் கேட்கவில்லை, கூட்டமும் போடவில்லை. நாளை யாராவது கேட்டால் அவர்களுக்கும் பதில் வைத்திருந்தாள். கேமில் மறுபடி விடிந்தது. மூட்டைக்காரி சந்தைக் கடந்து, படியை நெருங்கி, திரும்பி, லிஃப்டுக்குள் போனாள். உள்ளே மேலடுக்கு ஆட்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். கதவு மூடியது, லிஃப்ட் ஏறியது. அவள் மூட்டையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஒருமுறை எம்பித் தூக்கிச் சரிசெய்தாள்.

"இன்னும் எதுக்குத் தூக்கிட்டே நிக்கறா? கீழ வைக்கச் சொல்லு."

"வைக்க அவளுக்குத் தெரியாதுக்கா. நடக்கத்தான் வரைஞ்சேன். இறக்கி வைக்கிறதை நான் வரையவே இல்ல."

அக்கா எழுந்தாள். நாற்காலிகளின் மேல் கிடந்த கோட்டு, சால்வை, வெளிச்சத்தின் மேல்சட்டை எல்லாவற்றையும் வாரி ஒன்றாகச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, மேசைகளுக்கு நடுவில் இருந்த காலி இடத்துக்குப் போனாள். தலைகள் திரும்பின. வெளிச்சம் தன் அறைக் கதவைத் திறந்து பார்த்தார்.

"நல்லா பார்த்து வரைஞ்சுக்கோ" என்றாள் அக்கா. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மூட்டையைப் பொத்தென்று தரையில் வைத்தாள். "ஓரமா வைக்கல, பாரு. லிஃப்டுக்கு நட்ட நடுவுல வைக்கிறேன். மத்தவங்க ஒதுங்கி நிக்கட்டும்."